பொங்குவது அழுக்கல்ல, கல்

கடப்பாக்கல் தரை மங்கினால் ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார், தரையைச் சுத்தம் செய்வது பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். நுரை பொங்குவதே அழுக்கு கழல்வதற்குச் சாட்சியாம். பொங்குவது அழுக்கல்ல ஐயா, கல்! கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். அதிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து, கரியமில வாயு குமிழியிடுகிறது. மெருகு அரித்துப்போன சொரசொரப்பில் அழுக்கு இன்னும் கெட்டியாக ஒட்டும். மறுபடி ஆசிட், மறுபடி அரிப்பு.

எலுமிச்சை இயற்கையானது, ஆகவே பளிங்குக்கு நல்லதாம். புளியைப் போல அதுவும் அமிலம்தானே! புளிக்குழம்பு சிந்திய பளிங்கில் விழும் தழும்பை அவர் பார்த்ததே இல்லை போலும். தாஜ்மகாலின் மஞ்சள் படிவை எடுக்கத் தொல்லியல் துறை பூசுவது முல்தானி மட்டிக் களிம்பு, ஆசிட் அல்ல.

சுட்டமண் ஓடோ நுண்துளைகள் நிறைந்தது. உறிஞ்சிய ஆசிட்டைச் சரியாக அலசாவிட்டால் வெள்ளை உப்பாகப் பூக்கும். கருங்கல் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். அவர் எழுதியது கருங்கல்லைப் பற்றி அல்லவே!