இரண்டு நிறம் கூடிய புகைப்படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, பத்திரிகையை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினேன். பத்திரிகைக்கு அதைவிட நல்ல உபயோகம் வெயில் காலத்தில் கும்மிடிப்பூண்டியில் வேறு ஏது?

"பெரியப்பா, தூங்கறீங்களா?"

தூங்குகிறவனிடம் கேட்கக் கூடிய கேள்வியா இது! கண்ணைத் திறந்தால் தம்பியின் இளைய மகள் நிற்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். கையில் நாலு பக்கம்.

"கட்டுரைப் போட்டி. நாளைக்குக் கொடுக்கணும். கொஞ்சம் பார்த்துத் தாங்க."

எங்கள் காலத்தில் வியாசம் என்றால் 'பசு'. மிஞ்சினால் 'தீபாவளிப் பண்டிகை'. இவளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு: 'ஊடகங்கள் இளம் பெண்களின் தன்னம்பிக்கையைக் குலைக்கின்றனவா?' படிக்க ஆரம்பித்தேன். 'இன்றைய விஞ்ஞான யுகத்தில் ஊடகம் என்னும் அரக்கன் தன் கொடிய கரங்களை விரித்து...' என்று தொடங்கி, 'பெண்களே, விழித்தெழுங்கள்! புற அழகு அழியும்! அக அழகே நிலைக்கும்!' என்று முடிந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினேழு ஆச்சரியக்குறி.

"எப்படி இருக்கு?"

"அரக்கன் நன்றாக இருக்கிறான். ஆனால் இதைப் படித்துவிட்டு உன் வகுப்பில் ஒரு பெண்ணாவது முகப் பூச்சு வாங்குவதை நிறுத்துவாளா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாட்டா. நானே நிறுத்தலை" என்றாள். குழந்தைக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்த குணம்.

"அப்படியானால் உன்னை வாங்க வைத்தவன் எப்படிப் பேசினான் என்று பார்ப்போம்" என்றேன்.

விளம்பரக்காரன் 'விழித்தெழு' என்று சொல்வதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? அவனுக்குக் கிடைப்பது முப்பது விநாடி. அதில் ஒரு வீட்டைக் காட்டுகிறான், ஒரு பெண்ணைக் காட்டுகிறான், அவள் மனத்தில் ஒரு முள்ளைக் காட்டுகிறான். பிறகு முள்ளை எடுக்கிற ஊசியைக் காட்டுகிறான். விலையைக் கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அது நம் தெருக்கோடிப் பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டின் மேல் அச்சடித்திருக்கிறது.

இதற்கு ஓர் அசல் உதாரணம் உண்டு. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற கிரீமை இந்துஸ்தான் லீவர் கம்பெனி 1975-இல் கொண்டுவந்தது. புத்தாயிரம் பிறந்த சமயத்தில் அதற்குத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டில் பணக் கஷ்டம். பிள்ளையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று தகப்பனார் ஏங்குகிறார். கறுத்த நிறமுள்ள மகள் காதில் அது விழுகிறது. கிரீமைப் பூசுகிறாள், சிவக்கிறாள், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய் உபசரிக்கிறாள். கண்ணில் நீர் வரவழைக்கிற கதை. நம் தொடர்கதை ஆசிரியர்கள் பத்து வாரம் இழுப்பதை அவன் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் இதை எதிர்த்துப் புகார் செய்தார்கள். கம்பெனியைக் கேட்டார்கள், 2002-இல் தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கும் போனார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் வியாசம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. பண்பாடு பாழாகிறது என்று புலம்பவில்லை. பூசிக்கொள்ளும் பெண்களைத் திட்டவில்லை. விளம்பரத்தையே எடுத்து வைத்துக்கொண்டு காட்டினார்கள்: தோலின் நிறத்தை வைத்து மனிதரைத் தாழ்த்துகிறது, ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற ஆசைக்கு நெய் வார்க்கிறது, உழைத்துச் சம்பாதிக்கும் பெண்ணின் திறமையை அவமதிக்கிறது. ஏறக்குறைய ஒரு வருஷம் விடாமல் வாதாடினார்கள். 2003-இல் கம்பெனி அந்த விளம்பரத்தை நிறுத்தியது.

கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. நாங்கள் பெண்களின் முன்னேற்றத்தைத்தானே காட்டுகிறோம் என்றார்கள். அதே 2003-இல் பெண்கள் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க, அதே கிரீமின் பெயரில் ஓர் அறக்கட்டளையும் ஆரம்பித்தார்கள். பணம் வாங்கிப் படித்த பெண்களுக்கு அது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாதத் திறமை என்றால் அதுவல்லவா!

பிறகு 2014-இல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் ஒரு விதி வகுத்தது. கறுப்பாக இருப்பவர்களை அழகற்றவர்களாகவோ, துக்கப்படுகிறவர்களாகவோ, வேலையிலும் கல்யாணத்திலும் பின்தங்கியவர்களாகவோ காட்டக் கூடாது என்று. 2020-இல் கிரீமின் பெயரிலிருந்தே 'ஃபேர்' போய், 'க்ளோ' வந்தது. டப்பா போகவில்லை.

"இதையெல்லாம் எழுதட்டுமா?" என்று பேனாவைத் திறந்தாள்.

"எழுது. ஆனால் அளந்து எழுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், இந்த விஷயத்தில் புள்ளி விவரம் சொல்கிறவர்கள் பல பேர் வாலை வெட்டிவிட்டுச் சொல்கிறார்கள். இவளும் ஒரு வாலை வெட்டியிருந்தாள். 'இன்ஸ்டாகிராம் மூன்றில் ஒரு பெண்ணின் மனத்தைக் கெடுக்கிறது என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது' என்று எழுதியிருந்தாள். 2021-இல் கம்பெனியின் உள் ஆராய்ச்சித் தாள்கள் வெளியே வந்தது வாஸ்தவம். ஆனால் அதில் இருந்தது, தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக் குறை கொண்டிருந்த இளம் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்தி, அதைப் பார்த்தபின் குறை அதிகமானதாகச் சொன்னாள் என்பது. முழுசாகச் சொன்னாலும் பயங்கரம்தானே? முன்பே புண்பட்டவளைத்தான் அது தேடிப் போய்க் குத்துகிறது என்று ஆகிறது. அரையாகச் சொன்னால் எதிராளி அந்த ஓட்டையில் நுழைந்து உன் வியாசம் முழுவதையும் கவிழ்த்துவிடுவான்.

பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தாரே, அந்தப் பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கே பூர்வ குடிகளிடையே புஷ்டியான உடம்புக்குத்தான் மதிப்பு. ஒருவர் இளைத்துவிட்டால் சொந்தக்காரர்கள் கவலைப்படுவார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற அம்மாள், பெட்டி வந்த புதிதில் அந்த ஊர்ப் பள்ளிப் பெண்கள் 63 பேரைக் கேட்டார். இளைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுத்ததாக ஒருத்தி கூடச் சொல்லவில்லை. 1998-இல் வேறு 65 பேரைக் கேட்டபோது, 100-க்கு 11 பேர் எடுத்ததாகச் சொன்னார்கள். இரண்டு தடவையும் ஒரே பெண்கள் அல்ல; எண்ணிக்கையும் சின்னது. அதையும் சேர்த்தே எழுது என்றேன். "சேர்த்து எழுதினா பலம் குறையாதா?" என்றாள். "நீ மறைக்கவில்லை என்று தெரிந்தால்தான் மீதியை நம்புவார்கள்."

நாம் மட்டும் என்ன யோக்கியம்? பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். ஸ்நோ விளம்பரம், பவுடர் விளம்பரம், 1941-இல் லீலா சிட்னிஸில் ஆரம்பித்து வரிசையாக நட்சத்திரங்கள் சிபாரிசு செய்த சோப்பு. கதையில் 'மாநிறம்' என்று ஆசிரியர் எழுதியிருப்பார். பக்கத்துப் படத்தில் கதாநாயகி ரோஜாப்பூ மாதிரி இருப்பாள். ஓவியர் வஞ்சனை இல்லாமல் வர்ணம் குழைத்திருப்பார்.

படம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா போட்டோ சங்கதியை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. இவளுடைய அக்கா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வரும் சம்பளத்தில் பெரிய பங்கு அவளுடையது. தை மாதம் வரன் பார்க்க ஆரம்பித்தபோது கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் அவள் நிறத்தை இரண்டு படி கூட்டிக் கொடுத்துவிட்டார், அந்த மனுஷர். யாரும் கேட்கவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடறோம்" என்றாராம். உறையிலிருந்து படத்தை எடுத்த தம்பி மனைவி, "இது யாருது? மாத்திக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டாள். பெற்ற தாய்! பக்கத்தில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். அன்றையிலிருந்து கம்பெனி பஸ் ஏறப் போகும்போது துப்பட்டாவை முகத்தில் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறாள். கேட்டால் லாரிப் புழுதி என்கிறாள்.

"அரக்கனை எடுத்துவிட்டு இதை முதல் வரியாகப் போடு" என்றேன்.

"அக்கா படிச்சா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறத்தியார் மனசு நோகும் கதையை எடுத்துத்தான் விளம்பரக்காரனும் பிழைக்கிறான். நாம் எடுத்தால் மட்டும் புண்ணியமா? "அவளைக் கேட்காமல் எழுதாதே" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றரை மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து பெரியவள் வந்தாள். அவள் கம்பெனிக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். துப்பட்டாவை அவிழ்த்து, முகம் கழுவி, காப்பித் தம்ளருடன் உட்கார்ந்தாள். சின்னவள் தாளை நீட்டினாள். பென்சிலால் எழுதியிருந்தாள், வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்று.

பெரியவள் இரண்டு தடவை படித்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"இரண்டு இல்லைடி, மூணு நிறம் கூட்டியிருந்தான். சரியா எழுது" என்றாள். அப்புறம் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் கொண்டுவந்து தங்கைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.