ஆளில்லாத கோபுரத்துக்கு யார் பொறுப்பு?

சீனத்தின் ஷான்சி மாகாணத்தில், இங்சியன் என்ற இடத்தில், 1056இல் எழுப்பிய பௌத்த மரக்கோபுரம் சுமார் 67 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. நாகப்பட்டினத்திலும் ‘சீனக் கோபுரம்’ என்று ஐரோப்பியர் அழைத்த ஒன்று இருந்தது. உள்ளூரில் அதற்குப் புதுவெளிக் கோபுரம் என்று பெயர். 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது அது மூன்று நிலைச் செங்கல் கட்டடம். கூரை போய்விட்டது, உள்ளே வெறும் கூடு. ஆனாலும் கடலில் வருகிற கப்பல்களுக்கு அதுவே அடையாளம். ஏசு சபைப் பாதிரியார்கள் அதை இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867இல் சென்னை அரசு கொடுத்துவிட்டது. அந்த வட்டாரத்து மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள்தான் எழும்பூர் அருங்காட்சியகத்தில் மிச்சம்.

கும்பிட ஆளில்லாத கோயில் இடியத்தானே செய்யும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றுகள் வேறு சொல்கின்றன. ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை எழுதிவைத்தவன் சைவனான ராஜராஜன். அதாவது, செழித்திருந்த நாளிலேயே அந்த விகாரம் அரசாணையின் துணையோடு நின்ற இடம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காட்டுக்குப் போனால், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களுடன் டச்சுக் கல்லறை இருக்கிறது. அங்கே விளக்கேற்ற டச்சுச் சந்ததி யாருமில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருப்பதால் அது நிற்கிறது. சீனத்திலும் எல்லாம் தப்பிவிடவில்லை; கலாசாரப் புரட்சியில் போனவை ஏராளம். இங்சியன் கோபுரத்தையோ சீனக் கட்டடக்கலை ஆய்வாளர் லியாங் சிசெங் 1933இலேயே அளந்து வரைந்திருந்தார். 1961இல் வெளியான முதல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் அது ஏறியது.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதையல்ல. அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளும் பட்டரைபெரும்புதூர் உறைகிணறும் இந்த மண்ணில் கிடைத்தவை. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் செப்பேடும் திருவாலங்காட்டில் கிடைத்ததுதான். இதே மாவட்டத்தில்தான் தொழிற்பேட்டைக்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிறோம். வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சிலை சோறு போடுமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கம்பெனி வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் நிலமெடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுக்கிற வேலை. ஒரு தொல்லியல் கள ஆய்வை அதற்குள்ளேயே முடித்துவிடலாம். பொக்லைன் இறங்கிய பிறகு ஓடு பொறுக்குவதில் பயனில்லை. நிலமெடுப்பு அறிவிப்போடு அந்த ஆய்வுக் குறிப்பையும் இணைப்பது கட்டாயமாக வேண்டும். ஏரிக்கரைக் கல், செங்கல் தட்டுப்படும் மேடு, அம்மன் கோயிலுக்குப் பின்னால் சாய்த்துவைத்த தலையில்லாச் சிலை எல்லாம் சர்வே எண்ணோடு அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது மாவட்டத் தொல்லியல் அலுவலரா, வட்டாட்சியரா என்பதை அரசு இப்போதே முடிவு செய்யட்டும்.