தாய் வீட்டுக்கு வந்த பிறகும் விடாத வலி: புகார் எங்கே கொடுக்கலாம்?

"அடிச்சாலும் புருஷன்தானே, நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கணும்." கணவர் வீட்டை விட்டு உத்திரமேரூர் பக்கத்து கிராமத்துக்குத் திரும்பும் பெண் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அடி நின்றுவிடும், 'தப்பு என் மேலதானோ?' என்பது நிற்காது. தூக்கம் போகும். பிள்ளையை அப்பாவிடமிருந்து பிரித்துவிட்டோமே என்று உறுத்தும்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், நாட்டின் 45 சதவீதப் பெண்களே ஏதாவது ஒரு காரணம் சொல்லி, கணவன் அடிப்பது நியாயம்தான் என்றிருக்கிறார்கள். குற்ற உணர்ச்சிக்கு வேறு ஊற்று தேவையா?

இந்தக் காயத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா? உண்டு. கணவர் வீட்டுக் கொடுமையால் ஏற்பட்ட மன பாதிப்பு, தாய் வீட்டிலும் நீடித்தால் அதுவும் கொடுமையே என்று 2019 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அடி உதை வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், தஞ்சம் புகுந்த ஊரிலேயே 498ஏ பிரிவில் புகார் தரலாம். (2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 85.)

2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்திலும் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். ஓயாமல் அவமானப்படுத்துவதும், செலவுக்குக் காசு தராததும் அதில் வன்முறைதான். பாதிக்கப்பட்டவரே வரணும்னு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூட மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். அவசரத்துக்கு 181.