கேட்டல் இரத்தல் அன்று

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் தனியார் ஆலைகளில் சேர முன்வரும் பட்டதாரி, ஊதியத்தைப் பேசிப் பார்க்கத் தயங்குவதில்லை. அதே திருவள்ளூர் மாவட்டத்தில், தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நிறுவிய வல்லூர் அனல்மின் நிலையம் போன்ற பொதுத்துறை நிறுவனம் அழைத்தாலோ, வாய்திறவாமல் கையொப்பமிடுகிறான். கேட்டால் வேலை கைநழுவும் என்னும் அச்சமே காரணம்.

பொதுத்துறையில் பேரத்திற்கு இடமில்லை என்பது பெரிதும் உண்மையே. 2017 சனவரி 1 முதலான ஊதியத் திருத்தம், மைய அரசுப் பொதுத்துறையின் இ-1 நிலை அலுவலர்க்குத் தொடக்க அடிப்படை ஊதியத்தை 40,000 ரூபாய் என வரையறுத்தது. பேச்சுத்திறன் அதனை உயர்த்தாது. செல்வர் மகனுக்கும் ஏழை மகனுக்கும் தொடக்கம் ஒன்றே என்பது அம்முறையின் அறம்.

ஆயினும் பேரம் வேறு, உரிமை வேறு. பொதுத்துறை ஊழியர் நேர்காணல் வழியே மைய அரசுப் பணிக்குத் தேர்வானால், புதிய பதவியின் ஊதிய விகிதத்திற்கு உட்பட்டு, முன்னைய ஊதியத்தைக் காக்க 1989 ஆகஸ்டு 7ஆம் நாளிட்ட ஆணை வழிசெய்தது. இதனை அறியாதவன் இழப்பது ஒரு மாதத் தொகையன்று. ஆண்டு ஊதிய உயர்வும் வருங்கால வைப்புநிதியும் அடிப்படை ஊதியத்தையே பற்றி வளர்கின்றன.

உழைக்குமுன் கூலி இன்னதெனத் தெளிதல் வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டநெறி. இரவச்சம் பாடிய வள்ளுவரும் இரத்தலையே இழித்தார். உரிமை கோருதலை அன்று. மாணவச் செல்வங்களே! பணியாணை பெற்றதும் ஊதிய நிலை, படிகள், பயிற்சிக்கால உதவித்தொகை, பிணைப்பத்திரம் ஆகியவற்றைப் பணிவோடு எழுத்து வடிவிற் கேளுங்கள். இரக்க நாணுங்கள்; கேட்க நாணாதீர்கள்.