மேரி ஸூவின் கொண்டை ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வந்தது, கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. அக்காவின் பெண், பத்தாம் வகுப்பு படிக்கிறவள், கதை எழுதியிருக்கிறாளாம். "சித்தி, படிச்சுட்டு உண்மையைச் சொல்லணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

விண்வெளிக் கப்பல் ஒன்று. அதன் தலைவி பதினேழு வயதுப் பெண். ஏழு பாஷை பேசுகிறாள், வீணை வாசிக்கிறாள், கெட்டுப்போன யந்திரத்தை ஒரு நொடியில் சரி செய்கிறாள். எட்டிப் பார்த்த அண்ணன்காரன், "சுத்த மேரி ஸூ!" என்று ஒரு போடு போட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், நோட்டுப் புத்தகம் மூடிக்கொண்டது. நான் கிளம்புகிற வரை அது திறக்கவேயில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

"யார் அம்மா அந்த மேரி ஸூ?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966-ஆம் வருஷம் 'ஸ்டார் டிரெக்' என்ற விஞ்ஞானத் தொடர் ஆரம்பமாயிற்று. 'என்டர்பிரைஸ்' என்ற விண்கப்பல், அதற்குக் கிர்க் என்ற கேப்டன், கூர்மையான காதுடன் ஸ்பாக் என்ற அதிகாரி. இதை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, பீஜோ டிரிம்பிள் என்ற பெண்மணி தம் கணவர் ஜானுடன் சேர்ந்து ரசிகர்களைக் கடிதம் எழுதத் தூண்டினார். தபால் வந்து குவிந்தது. கடைசியில் 1968 மார்ச் 1-ஆம் தேதி, "தொடர் நிற்காது" என்று என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று! மறு வருஷம் 79 பாகங்களோடு அது நின்றுதான் போயிற்று. ஆனால் ரசிகர்கள் நிற்கவில்லை.

அந்த ரசிகர் கூட்டத்தில் பெண்களே அதிகம் எழுதினார்கள் என்பது உங்களுக்குச் சந்தோஷம் தரக்கூடிய விஷயம். கைக்காசைப் போட்டுத் தாங்களே சிறு பத்திரிகைகள் நடத்தினார்கள். 1967-இலேயே 'ஸ்பாக்கனேலியா' என்று ஒன்று வந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டுத் தட்டச்சு யந்திரத்தின் முன் உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துப் புதுக் கதைகள் புனைவார்கள். பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புவார்கள். ஒருவர் கதையை மற்றவர் தாட்சண்யமில்லாமல் விமரிசனம் செய்வார்கள்.

இந்தக் கதைகளில் ஒரே மாதிரிக் கதாநாயகி திரும்பத் திரும்ப வருவதைப் பவுலா ஸ்மித் என்ற ரசிகை கவனித்தார். 1973-இல் 'மெனாஜெரி' என்ற சிறு பத்திரிகையில் ஒரு குட்டி நையாண்டிக் கதை எழுதினார். அதன் நாயகிதான் லெப்டினன்ட் மேரி ஸூ. வயது பதினைந்தரை! கேப்டன் அவளிடம் மயங்குகிறார். சிறை பிடித்தால் கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிறாள். எல்லோரும் நோயில் படுத்தால் தனி ஒருத்தியாகக் கப்பலை நடத்தி நோபல் பரிசு வாங்குகிறாள். முடிவில் எல்லோரும் கதறியழ உயிரை விடுகிறாள். அவள் பிறந்த நாள் கப்பலில் விடுமுறை தினமாகிவிடுகிறது.

படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தங்களையே பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. வீட்டுக்குள் நாத்தியும் மன்னியும் கேலி பேசிக்கொள்வதைப் போல.

அந்தக் கேலி வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்ததும்தான் வினை. நையாண்டி ஒரு வசவாக மாறிற்று. ரசிகைகளின் உலகத்தை ஆராய்ந்து கமீல் பேக்கன்-ஸ்மித் 1992-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேரி ஸூ என்ற பெயருக்குப் பயந்து, பெண் பாத்திரங்களே வேண்டாம் என்று ஒதுக்கிய பெண் எழுத்தாளர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். பார்த்தீர்களா! சிரித்துக்கொண்டே செய்த காரியம், எழுதுகிற கையைக் கட்டிப் போட்டுவிட்டது.

2015-இல் ஒரு 'ஸ்டார் வார்ஸ்' படம் வந்தது. அதில் ரே என்ற அநாதைப் பெண் விண்கலம் ஓட்டுகிறாள், ஒளிவாள் சண்டையில் ஜெயிக்கிறாள். உடனே இணையத்தில் படங்களை அலசுகிற பலர், "மேரி ஸூ, மேரி ஸூ" என்று கூச்சல் கிளப்பினார்கள். இருக்கட்டும். 1977-இல் வந்த முதல் படத்தில், பண்ணையில் வளர்ந்த பையன் லூக் ஒரே ஒரு யுத்தத்தில் எதிரியின் ராட்சதக் கோட்டையைத் தகர்க்கவில்லையா? 2009-இல் வந்த 'ஸ்டார் டிரெக்' படத்தில், பயிற்சி மாணவனான கிர்க் படம் முடிவதற்குள் கேப்டனாகிவிடவில்லையா? அவர்கள் வீரர்கள், இவள் மட்டும் மேரி ஸூ!

குறையே இல்லாத பாத்திரம் சலிப்புத் தரும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது ஒரே தராசில் நிறுங்கள். நிறுக்கப்படுவது சினிமாக் கம்பெனியா, பத்தாம் வகுப்புப் பெண்ணா என்பதையும் பாருங்கள். கோடிக் கணக்கில் பணம் போட்டுப் படம் எடுத்தவரைக் கேலி செய்தால் அவர் தாங்குவார். முதல் கதை எழுதிய குழந்தை தாங்குமா?

நேற்று அக்கா பெண்ணுக்குக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். "உன் தலைவிக்கு ஏழு பாஷை அதிகம், இரண்டு போதும். ஒரு தப்பாவது செய்யட்டும், அதற்காக ஒரு ராத்திரி தூங்காமல் தவிக்கட்டும். ஆனால் தலைவி நாற்காலியை விட்டு மட்டும் அவளை இறக்கிவிடாதே. சித்தி சிரித்தது தப்பு" என்று எழுதினேன்.

பதில் இன்னும் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன். காப்பியோடு நோட்டுப் புத்தகமும் வருகிறதா பார்க்க வேண்டும்.