மகனும் இல்லை, மகளும் இல்லை: யூத மரபின் முன் ஒரு கேள்வி

யூத ஜெப ஆலயத்தில் தோராவின் முன் ஒருவரை அழைக்கும்போது பெற்றோரின் பெயரையும் சேர்த்தே அழைப்பார்கள். ஆண் என்றால் ‘பென்’, அதாவது இன்னாரின் மகன். பெண்களையும் அழைக்கும் பிரிவுகளில் ‘பத்’, இன்னாரின் மகள். இந்த இரண்டிலும் அடங்காதவரை எப்படி அழைப்பது?

அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் சட்டக் குழு 2022 இல் இதற்கு ஒரு வழியை ஏற்றுக்கொண்டது. ‘மிபேத்’, அதாவது ‘இன்னாரின் வீட்டைச் சேர்ந்தவர்’ என்று அழைக்கலாம். இந்தச் சொல்லில் பால் இல்லை, குடும்பம் இருக்கிறது. முடிவின் முக்கியத்துவம் அங்கேதான் என நான் கருதுகிறேன்.

எபிரேய மொழியின் இலக்கணமே இங்கு பெரிய தடை. தமிழில் ‘நான் போகிறேன்’, ‘நீ போகிறாய்’ என்பவற்றில் பால் தெரியாது. எபிரேயத்தில் இவற்றை ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் சொல்லவேண்டும். எனவே 2018 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து மூன்றாவது விகுதியொன்றை உருவாக்கினார்கள்.

இது மேற்கிலிருந்து வந்த புது நாகரிகம் என்பவர்கள் உண்டு. ஆனால் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூல், இரு பாலின் உடற்கூறுகளும் கொண்டவரை ‘அந்த்ரோகினோஸ்’ எனவும், பால் புலப்படாதவரை ‘தும்தும்’ எனவும் குறிப்பிடுகிறது. முன்னவர் ‘தனக்கென ஒரு படைப்பு’ என்றார் ராபி யோசே. அவரைக் காயப்படுத்தினால் இழப்பீடு உண்டு, கொன்றால் கொலைத்தண்டனை உண்டு எனவும் அந்நூல் சொல்கிறது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த நூல் பேசியது உடலைப் பற்றி. இன்றைய கேள்வி ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பது. ஓர்தொடொக்ஸ் பிரிவினர் இந்த வேறுபாட்டையே சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்களது ஆலயங்களில் ஆண்களையும் பெண்களையும் தடுப்பு பிரிக்கிறது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அங்கே நடுவில் நிற்க இடமில்லை.

வீட்டுக்குள் இது மேலும் கடினம். மரபுப்படி பையன் 13 வயதிலும் பெண்பிள்ளை 12 வயதிலும் சமயக் கடமைகளுக்கு உரியவராகின்றனர். பெற்றோர் இறந்தால் ‘கதீஷ்’ என்ற செபத்தைச் சொல்வது மகனின் கடமை. தன்னை மகன் என்று உணராத பிள்ளை அதைச் சொல்வதா, விடுவதா? கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லாமல் போன வீடுகளைப் போருக்குப் பின் கண்ட எமக்கு, இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும்.

பேரழிவைக் கடந்த சமூகம் மரபை இறுகப் பற்றிக்கொள்வது இயல்பு. நாசிகளால் அறுபது இலட்சம் பேரை இழந்த யூதர்களிடம் ‘அடுத்த தலைமுறை என்னாகும்’ என்ற அச்சம் இன்றும் வலுவாக இருக்கிறது. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் எஞ்சிய பிள்ளைகளில் ஒருவரை வாசலில் நிறுத்திவைத்து எந்தச் சமூகமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. செபம் சொல்ல வரும் பிள்ளை எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று தெரிந்தால் போதும்.