சாவிக்கொத்தும் ஒற்றைச் சாவியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

இது கணினி யுகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த யுகத்தின் பயன் ஏழை மாணவனுக்கும் எட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடு, தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளமும் சேர்த்தே வழங்கப்பட்டது. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. காசு கொடுக்க வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், தமிழிலும் பயன்படுத்தலாம். இவ்வளவு இருந்தும் எங்கள் நெய்வேலிப் பகுதியில் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பலரை நான் அறிவேன்.

காரணம் கேட்டால், "அதில் எதைச் செருகினாலும் வேலை செய்யாது" என்பார்கள். உண்மையில் நடந்தது என்ன? கருவியைச் செருகியதும் திரையில் ஒரு வரி தோன்றியிருக்கும்: 'பெர்மிஷன் டினைடு'. அனுமதி மறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். அந்த ஒரு வரிக்காக இயங்குதளத்தையே அழித்தது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அந்த வரியை எப்படிப் படிக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் அதற்கு என்ன தீர்வு என்பவை பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. 'முடியாது' என்று மாணவனைத் திருப்பி அனுப்புவதும் தவறு; 'இந்தா, எல்லாச் சாவியும்' என்று கொத்தோடு கொடுப்பதும் தவறு. உரிய சாவி ஒன்றைக் கொடுப்பதே முறை.

கருவிகள் எல்லாம் கோப்புகளே

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் பிறந்தது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டு வேலை செய்த காலம் அது. விசைப்பலகை, வட்டு, அச்சுப்பொறி என எல்லாக் கருவிகளையும் கோப்புகளைப் போலவே நடத்துவது அதன் அடிப்படைக் கருத்து. 1991இல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே வழியில் நடப்பது. அப்போது அவருக்கு வயது 21. அவரும் நம்மைப் போல் ஒரு மாணவர்தாம்.

லினக்ஸில் இந்தக் கருவிக் கோப்புகள் 'டெவ்' என்ற அடைவுக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று, மற்றவர்கள் என மூன்று தரப்பு உண்டு. படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1 என்று எண் வைத்திருக்கிறார்கள். ஆகவே 660 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினரும் அவ்வாறே செய்யலாம், மற்றவர்க்கு ஒன்றுமில்லை.

நமக்குப் பழக்கமான கருவியையே எடுத்துக்கொள்வோம். வெப்பநிலையை அளப்பதற்கும் ஊசலின் அலைவு நேரத்தைக் குறிப்பதற்கும் இன்று இயற்பியல் மாணவர்கள் ஆர்டுயினோ பலகையை உபயோகிக்கிறார்கள். 'சிஎச்340' சில்லு கொண்ட மலிவுப் பலகையை லினக்ஸ் கணினியில் செருகினால் 'டிடிஒய்யுஎஸ்பி0' என்ற பெயரில் ஒரு கோப்பு முளைக்கும். 'எல்எஸ் -எல்' என்ற கட்டளையால் அதைப் பார்த்தால், உரிமையாளர் 'ரூட்', குழு 'டயல்அவுட்', உரிமை 660 என்று காட்டும். ரூட் என்பவர் கணினியின் சர்வாதிகாரி. மாணவன் ரூட்டும் அல்லன், டயல்அவுட் குழுவில் உறுப்பினனும் அல்லன். எனவேதான் கதவு மூடுகிறது.

டயல்அவுட் என்ற பெயர் ஏன் வந்தது? மோடம் வழியாகத் தொலைபேசியில் வெளியூர்க் கணினியை அழைத்த காலத்தில், அப்படி அழைக்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அது. மோடம் போய்விட்டது, பட்டியலின் பெயர் நிலைத்துவிட்டது. இந்த வரலாறு தெரியாதவன், ஆர்டுயினோவுக்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம் என்று திகைப்பது இயல்பே.

ஏன் இந்தக் காவல்?

"நம் கணினியில் நம் கருவியைச் செருக நமக்கே அனுமதி வேண்டுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விசைப்பலகையை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒரு கருவிக் கோப்பே. அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டுவிட்டால், பக்கத்தில் ஒருவர் தட்டும் கடவுச்சொல்லை மற்றொருவரின் நிரல் எழுத்துக்கு எழுத்து பதிவு செய்துகொள்ளும். வட்டின் கருவிக் கோப்பைத் திறந்துவிட்டாலோ, ஆசிரியர் பூட்டிவைத்த வினாத்தாளையும் அதன் வழியே படித்துவிடலாம்.

நெய்வேலியில் பிறந்தவர்களுக்கு இது புதிதன்று. கேட் பாஸ் இல்லாமல் சுரங்க வாயிலைத் தாண்ட முடியாது. மின் ஊழியர் 'எல்.சி.' வாங்காமல் கம்பியில் கை வைப்பதில்லை. வாங்கியவர் திருப்பித் தராமல் அந்தக் கம்பியில் மின்சாரம் விடுவதும் இல்லை. இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. அந்த ஒழுங்கு உயிரைக் காக்கிறது. ஆனால் ஒன்று: கேட் பாஸ் எந்த அறையில், யாரிடம் வாங்க வேண்டும் என்பது ஊழியருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கணினிக் கூடங்களில் அது தெரிவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இரண்டு குறுக்கு வழிகள்

அனுமதி மறுக்கப்பட்டவுடன் பெரும்பாலோர் நாடுவது இரண்டு குறுக்கு வழிகளை.

முதலாவது 'சூடோ'. அதாவது, கட்டளைக்கு முன் அந்தச் சொல்லைச் சேர்த்து ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்குவது. ஆர்டுயினோ நிரலையே அப்படித் திறந்தால் வேலை உடனே நடக்கும். ஆனால் அந்நேரத்தில் உருவாகும் கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிடக்கூடும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் நம் வீட்டு அடைவிலேயே நமக்கு அனுமதி இராது. ஒரு தடையைத் தாண்டப் போய்ப் புதிய தடைகளை வளர்த்துக்கொண்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது 'சிஎச்மாட் 777'. எல்லாருக்கும் எல்லா உரிமையும் என்று கதவையே கழற்றி வைப்பது. இதிலும் நிரந்தரப் பயன் இல்லை. கருவிக் கோப்பு, கருவியைச் செருகும்போது பிறந்து எடுக்கும்போது மறைவது. மறுபடி செருகினால் பழைய 660 உரிமையோடுதான் வரும்.

விடுமுறையில் நான் பயின்ற ஒரு பயிற்சிக் கூடத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஆர்டுயினோ திறக்கவில்லை என்று யார் சொன்னாலும், பொறுப்பாளர் எழுந்து வந்து ரூட் கடவுச்சொல்லைத் தாமே தட்டிக் கொடுப்பார். முப்பது பேருக்கும் தட்ட முடியுமா? சில நாட்களில் அலுத்துப்போய்க் கடவுச்சொல்லையே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஒருவரிடம் இருந்த சாவிக்கொத்து முப்பது பேரிடம் போயிற்று. பிறகு ஒரு கணினியில் யாரோ எதையோ அழித்துவிட, "மாணவர்களிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று லினக்ஸ் கணினிகள் எல்லாம் பூட்டப்பட்டன. முதல் நாளே ஒவ்வொருவரையும் டயல்அவுட் குழுவில் சேர்த்திருந்தால், ரூட் கடவுச்சொல் யாருக்கும் தேவைப்பட்டிராது.

முறையான வழி

முதலில் திரையில் வந்த செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். எல்லாத் தடையும் அனுமதித் தடை அன்று. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வந்தால், கணினி கருவியைக் காணவே இல்லை என்று பொருள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் கம்பியைச் செருகியிருக்கலாம். வேறு கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். 'கருவி வேலையாக உள்ளது' என்று வந்தால், வேறொரு நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு சுவையான உதாரணம் உண்டு. 2022இல் வெளிவந்த உபுண்டு 22.04 பதிப்பில், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற நிரல், சிஎச்340 சில்லைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. செருகியவுடன் தோன்றிய கோப்பு மறுகணமே மறைந்தது. அனுமதியை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. பலர் அந்த நிரலையே நீக்கினார்கள். ஆனால் பொதுக் கணினியில், அதை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். அந்தச் சில்லுக்குரிய விதியை மட்டும் செயலிழக்கச் செய்தாலே போதும்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்றே வந்தால், 'எல்எஸ் -எல்' மூலம் கோப்பு எந்தக் குழுவுக்கு உரியது என்று பார்க்க வேண்டும். 'ஐடி' என்ற கட்டளையால் நாம் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், பொறுப்பாளர் 'யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்' என்று தட்டி, அடுத்து மாணவனின் பயனர் பெயரைச் சேர்த்தால் போதும். 'ஏ' சிறிய எழுத்து, 'ஜி' பெரிய எழுத்து. அந்த 'ஏ' மிக முக்கியம். 'கூடுதலாகச் சேர்' என்பது அதன் பொருள். அதை விட்டுவிட்டால், மாணவன் முன்பிருந்த கூடுதல் குழுக்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்படுவான். சொந்த மடிக்கணினியில் அப்படி நேர்ந்தால், சூடோ உரிமையும் போய், தவற்றைத் திருத்தக்கூட வழியின்றி நிற்க நேரும்.

சேர்த்த பிறகும் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குழுப் பட்டியல் உள்நுழையும்போதுதான் கையில் தரப்படுகிறது. எனவே ஒருமுறை முழுதாக வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். பயனர் பெயரோடு 'ஐடி' கேட்டால் புதிய குழு தெரியும். பெயரில்லாமல் கேட்டால் தெரியாது. முன்னது பதிவேட்டில் இருப்பது. பின்னது இப்போது கையில் இருப்பது.

"வெப்கேமரா மட்டும் எந்தக் குழுவிலும் சேராமலே வேலை செய்கிறதே?" என்று கேட்கலாம். கேமரா, ஒலிக் கருவி போன்றவற்றுக்கு 'யூஅக்சஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கணினியின் முன் நேரில் அமர்ந்து உள்நுழைந்தவருக்கு, அவர் அமர்ந்திருக்கும் வரை மட்டும் உரிமை தருவது அது. அத்தகைய கோப்பின் உரிமை வரிசைக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி தெரியும். அரிய கருவிகளுக்கு நாமே 'யூடெவ்' விதி ஒன்று எழுதி இவ்வுரிமையை வழங்கலாம். 'எல்எஸ்யுஎஸ்பி' காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். விதிக் கோப்பின் பெயர் 73 என்ற எண்ணுக்கு முந்தியதாக, 70 என்பது போல, தொடங்க வேண்டும். அந்த விதி கருவியைச் செருகும் ஒவ்வொரு முறையும் தானே செயல்படும்.

எல்லாக் குழுக்களும் ஒன்று போல அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டயல்அவுட்டில் சேர்ப்பதால் தொடர் துறைகள் மட்டுமே திறக்கும். 'டிஸ்க்' குழுவில் சேர்ப்பதோ, ரூட் அதிகாரத்தையே கொடுப்பதற்குச் சமம். எந்தச் சாவி எந்த அறையைத் திறக்கும் என்று அறிந்தே கொடுக்க வேண்டும்.

என் வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களுக்கு ஓர் அச்சம் இருப்பது நியாயமே. விலையுயர்ந்த கருவிகள் கெட்டுவிடுமோ, கணினி பழுதாகுமோ என்ற கவலை அவர்களுக்கு உண்டு. பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து அனுமதி முறையிலேயே இருக்கிறது. ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆய்வுக்கூடக் கணினியில் மாணவனுக்குக் கணக்குத் தொடங்கும்போதே, அவன் பாடத்திற்கு வேண்டிய குழுக்களிலும் சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது, ரூட் கடவுச்சொல் பொறுப்பாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. மாணவர்களாகிய நாமும் அதைக் கேட்கக் கூடாது. மூன்றாவது, எந்தக் கருவிக்கு எந்தக் குழு, சேர யாரைக் கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். இவற்றுக்குச் செலவு ஒரு தாளும் ஒரு மணி நேரமும்தான்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், நானும் அப்படியே. நம் பெற்றோர் எத்தனையோ ஜன்னல்களின் முன் நின்று 'முடியாது' என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள். எந்த விதிப்படி முடியாது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதனால் 'அனுமதி இல்லை' என்ற சொல்லைக் கண்டதும், இது நமக்கு உரியதன்று என்று ஒதுங்கும் பழக்கம் நம் இரத்தத்திலும் ஊறியிருக்கிறது.

லினக்ஸ் இவ்விஷயத்தில் நேர்மையானது. மறுத்துவிட்டு மௌனமாக இருப்பதில்லை. யார் உரிமையாளர், எது குழு, நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறது. கேட்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதும் இல்லை. அங்கே கேட்கப் பழகியவன், நாளை அலுவலக ஜன்னலின் முன்னும் அதே கேள்வியை அமைதியாகக் கேட்பான். பட்டம் பெற்று வெளியேறும் நாளில் நாம் கொண்டுபோக வேண்டிய கல்வியில் இதுவும் ஒரு பாடம் என்பது என் கருத்து.